பவளம் மாமியின் ஒழுகாத அறை

தென்னோலை பின்னி வேய்ந்த பழைய கிடுகுக் கூரையிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீருக்கு ஒரு நிறம் உண்டு. பால் விடாத தேநீரின், நாங்கள் ‘பிளேன்ரீ’ என்று சொல்வதன், அதே நிறம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில் தர்மபுரத்தில் பவளம் மாமியின் வீட்டில் ஒரு பாதியை வாடகைக்கு எடுத்து நாங்கள் இருந்தபோது, என்னுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை முழுக்க அந்தக் கறைதான்.

ஒரே வீட்டை நடுவில் மண்சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். சொந்தக்காரியான மாமி மறுபாதியில் தனியாக இருந்தார். அவருடைய பாதி ஒழுகாது, எங்களுடையது ஒழுகும். இரண்டும் ஒரே நாளில் வேய்ந்தது என்று மாமியே முன்னொருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்ததால், அம்மாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அம்மா அப்போது நிறைமாதம். பிள்ளை பிறக்க நனையாத ஒரு மூலை வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை இல்லை. கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: “எலி அரிச்ச ஓட்டை இப்பிடி நேராய் இருக்குமே? ஆரோ கிடுகை இழுத்திருக்கினம். எங்களை வீட்டை விட்டு எழுப்பத்தான்.”

அப்பா சண்டைக்குப் போகிறவர் அல்ல. எங்கேயோ சொல்லிவைத்து ஒரு கட்டுக் கிடுகு சைக்கிளில் ஏற்றி வந்தார். வேலிப் படலையடியிலேயே மாமி மறித்துக்கொண்டார்.

“உங்கட கிடுகு என்ர கூரையில ஏறப்படாது, தம்பி. இண்டைக்குக் கிடுகு எண்டு துவங்கும், நாளைக்குக் காணி எண்டு வந்து நிக்கும்.”

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு முன்பு, பாவம் பார்த்துத் தன் காணி மூலையில் குடிசை போட விட்ட ஒரு குடும்பம், கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக் கட்டி, வேலியும் அடைத்து, பிறகு அந்த மூலையே தங்களுடையது என்று சொல்லிவிட்டது. அந்த வேலி எங்கள் வாசலிலிருந்தே தெரியும்.

“அப்ப இதை உங்கட கிடுகாய் வைச்சுக்கொள்ளுங்கோ. நானே வேஞ்சு தாறன்” என்றார் அப்பா.

“சும்மா ஏன் தாறியள்?” என்று கேட்டார் மாமி, இன்னும் கூடுதலாகப் பயந்துபோய்.

கிடுகுக் கட்டு முற்றத்தில் கிடந்து நனைந்தது. எங்கள் ஓட்டை பெருத்தது.

விடாமல் மழை பெய்த ஒரு பின்னேரம் அம்மாவுக்கு நோக்கண்டது. ஓடிவந்த மருத்துவிச்சி எங்கள் அறைக்குள் கால் வைத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேளாமல் அம்மாவைத் தாங்கிக்கொண்டு போய் மாமியின் கட்டிலில் கிடத்திவிட்டார். மாமி அடுப்பில் வெந்நீர் வைத்தார். தங்கச்சி அந்த ஒழுகாத அறையில் பிறந்தாள். பிள்ளை பெற்றவளை முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும்வரை இடம் மாற்றுவதில்லை என்பது எங்கள் வழக்கம். மாமிக்கு அது பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். “நாள் பாத்துத்தான் படுத்திருக்கிறாள்” என்று கிணற்றடியில் யாருக்கோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. அம்மாவோ, மாமி அரைத்துக் காய்ச்சித் தந்த பிரசவ மருந்தான காயத்தைக் குடித்துக்கொண்டே, “கெதியாய் எழுப்பிக் கலைக்கத்தான் இவ்வளவு கவனிப்பு” என்று என்னிடம் முணுமுணுப்பார்.

துடக்குக் கழிய முன்பே ஒருநாள் மாமி இரண்டு பேரைக் கூட்டிவந்து எங்கள் பாதியை வேய்வித்தார். அப்பாவின் கிடுகில் பழுதாகாததும் சேர்ந்தே ஏறியது. பிள்ளைக்காகச் செய்தாரா, தன் கட்டிலை மீட்கச் செய்தாரா? அம்மா யோசிக்கவேயில்லை. “தன்ர அறைக்காகத்தான்.”

தங்கச்சி தவழத் தொடங்கியதும் நேரே மாமியின் பாதிக்குத்தான் போவாள். திரும்பி வந்ததும் அம்மா முதலில் அவள் கையைப் பிடித்துக் காப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு அது வெட்கமாக இருக்கும். காப்பு ஒருநாளும் காணாமற் போகவில்லை. அம்மாவும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

தொண்ணூற்றெட்டு மாரியில் அப்பாவுக்கு ஸ்கந்தபுரத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கூரைக்கான மரக் கப்பு மட்டும்தான் நட்டிருந்தது, கூரை இல்லை. நாங்கள் புறப்பட்ட அன்று மாமி எங்கள் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவி, தன்னுடைய சாமான் ஏதும் போகிறதா என்று பார்த்தார். பார்த்து முடித்தவர், தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் அம்மாவிடம் சொன்னார்: “நீங்கள் அங்கை கூரை போடுமட்டும் இவள் என்னோட நிக்கட்டுமன், பிள்ளை. நனையாமல் பாப்பன்.”

அம்மா எட்டிப் பிள்ளையைப் பறித்துக்கொண்டார். “குடுத்தால் திருப்பித் தராது இந்த மனிசி” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றிரவு ஸ்கந்தபுரத்தில் மழை. கப்புகளில் இழுத்துக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே தங்கச்சி நனைந்து நனைந்து, மாமியிடம் போகவேண்டும் என்று விடியும்வரை அழுதாள். அம்மாவில் எனக்கு வந்த கோபம் நெடுநாள் போகவில்லை.

போன வருடம் அம்மாவோடு தர்மபுரம் போனோம். வீடு நின்ற இடத்தில் ஒரு சீமெந்துக் கடை. போரின் கடைசிச் சண்டையோடு மாமி எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. முன்பு அங்கே இருந்தவர்களே இப்போது இல்லை. அம்மா கடைக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு வந்து வாகனத்தில் ஏறினார். வாகனம் பரந்தனை நெருங்கியது. அம்மா சன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பியபடி சொன்னார்:

“அந்த ஒரு மாரிக்குப் பிள்ளையை விட்டிட்டு வந்திருக்கலாம்.”