இங்கா என்றால் இன்னும்

சனிக்கிழமை காலை. முந்தின நாளே திருப்பதிக்கு வந்துவிட்ட நான், நீச்சல் குளத்துப் படியில் உட்கார்ந்து எஸ்தர் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன். சித்தூரிலிருந்து வர வேண்டியவரை இன்னும் காணோம். அப்போது அவர் கணவர் போன் செய்தார். "கீதாம்மா, எஸ்தர் எழுந்திருக்கலம்மா," என்றார். "எழுப்பி பஸ்ல அனுப்புங்கண்ணா," என்று நானும் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி எனக்கும் அக்காவுக்கும். நாற்பத்தேழு வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடவும் வேண்டிய நெடுந்தூர ட்ரையத்லானை முடிக்க வேண்டும். சைக்கிளும் ஓட்டமும் வந்துவிட்டன. தண்ணீர்தான் மசியவில்லை. நீச்சலை இரண்டு மணி இருபது நிமிடத்துக்குள் முடிக்காதவர்களை சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். அவர் போகும் சர்ச் சபையில் சிலர் சிரித்தார்கள். "சிரிச்சிக்கினு இருக்கட்டும். எனக்கு மூச்சு வேணும், பதில் சொல்லி வீணாக்க முடியாது," என்றார்.

பயிற்சியாளர் தெலுங்குக்காரர். கரையில் நடந்தபடியே "இங்கா, இங்கா" என்று கத்துவார். இன்னும் போ என்று அர்த்தம். அக்கா தெலுங்கு சரளமாகப் பேசுகிறவர்தான். ஆனால் காதில் தண்ணீர் புகுந்தால் தமிழ்தான் கேட்குமாம். 'இங்க' வரச் சொல்கிறார் என்று பாதியில் திரும்பி, அவர் காலடியில் வந்து நின்று, "பிலிச்சாரா சார்?" என்பார். கூப்பிடவே இல்லையே என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். இந்த அம்மாவுக்குத் தெம்பில்லை என்று பத்து நாள் எல்லோரும் நம்பினோம். குழப்பம் தெளிந்த அன்று நிற்காமல் நாற்பது தடவை குளத்தைக் கடந்தார்.

போன வருடப் பந்தயத்தில், கடலில் நேரம் முடிந்ததும் படகு அவரிடம் போனது. ஏறச் சொன்னவரிடம், "முடிஞ்சது உங்க டைமு. எனக்குக் கரை வரல. கூட வர்றதுன்னா வாங்க," என்றாராம். படகு கூடவே வந்தது. ஒன்பது நிமிடம் தாமதம். சைக்கிள் இல்லை, முடித்தவர்கள் பட்டியலில் பெயரும் இல்லை. மணலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "துன்னு. அடுத்த வருஷம் நீயும் பேர் குடு," என்றார். கொடுத்தேன். அந்தப் பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, தூக்கத்திலேயே அவர் இதயம் நின்றுவிட்டது.

சாவு வீட்டில் ஒரு பெரியம்மா பெட்டியருகே உட்கார்ந்து, "இந்த வயசுல நீச்சலு நீச்சலுன்னு போய்க்கினு இருந்தா. தண்ணிதான் கொன்னுடுச்சி," என்றார். பலர் தலையாட்டினார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்காதவள். அன்று எழுந்து நின்றேன்.

"அக்கா உயிர் போனது கட்டில்ல. தண்ணியில இல்ல. இனிமே யாரும் கட்டில்ல படுக்க மாட்டீங்களா?"

அக்காவின் கணவர் நிமிர்ந்து பார்த்து, "சனிக்கிழம நீச்சலுக்கு நீ போவ, இல்லம்மா?" என்று கேட்டார். "போவேண்ணா," என்றேன்.

போய்க்கொண்டிருக்கிறேன். பந்தயத்துக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெறவில்லை. எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அன்று திறந்த அந்த வாய். அவரை யாராவது 'பாவம்' என்று சொல்லிப் பாருங்கள், அது மறுபடியும் திறக்கும்.