ஹட்டனில் ஓடிப்போன சமக்குறிகள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பப்போவதில்லை.

என் அக்கா மகள் கணித டீச்சர். மாலை வகுப்புக்கு வினாத்தாள் அடிக்க, இன்று ஹட்டன் டைப்செட்டிங் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் ஸ்பேஸ் தட்டித் தட்டியே சமன்பாடுகளின் சமக்குறிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தினார். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கியதும் எல்லாம் கலைந்தன. ஒன்று கினிகத்தேனைக்கு பஸ் ஏறியது; இன்னொன்று கொத்மலை நீர்த்தேக்கத்தில் குதித்தது!

"தோட்டத்துல காலைப் பெரட்டுக்கு ஆள வரிசையா நிப்பாட்டுற மாதிரி ஒவ்வொண்ணா நிப்பாட்டுறீங்களே தம்பி! தானா வரிசையா நிக்க கம்ப்யூட்டர்லயே வழி இருக்குல்ல?" என்றேன்.

"இருக்குங்க மாமா. அதத் தேடுற நேரத்துல நாலு பேப்பர் அடிச்சிருவேன்."

முதல் பேப்பரே முடியவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

"எல்லாச் சமக்குறியையும் அழிங்கண்ணே!" என்றாள் டீச்சர். அச்சான தாளில் ஸ்கேல் வைத்து, பேனாவால் தானே போட்டு, போட்டோகொப்பி எடுத்தாள்.

கொத்மலைக் கதை பொய்தான். ஸ்கேல் மட்டும் உண்மை. கடைப் பலகையில் 'நவீன கணினி வடிவமைப்பு' என்று இருக்கிறது. ஸ்கேலையும் சேர்த்து எழுதச் சொல்லலாமா?