முகமூடியும் மூன்று மில்லிமீட்டரும்

புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சை அளந்து தருவது என் பிழைப்பு. பயம் அதோடு வந்த இலவச இணைப்பு. வீட்டைப் பூட்டினோமா என்று மின்தூக்கி வரை போய்த் திரும்பி வருகிறவரா நீங்கள்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

காலைச் சோதனை

முதல் நோயாளி வருவதற்கு முன் நான் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். கதிர் சொன்ன அளவில் வருகிறதா, சொன்ன இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், மறுபடி அளப்பேன். ஒருநாள் மூன்றாம் முறை அளந்தபோது, நோயாளிகளைப் படுக்கவைத்துச் சிகிச்சை கொடுக்கும் சுமதி கதவோரம் கைகட்டி நின்றார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு லா. நீங்கதான் ஒரு செக்கப் போயிட்டு வரணும்."

பூட்டிய முகம்

அந்த வாரம் வந்தவர் செல்வராஜ் அண்ணன். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அடர்ந்த சுருட்டை முடி. கட்டி பார்வை நரம்பை ஒட்டி இருந்தது. நரம்பில் கதிர் அதிகம் பட்டால் கண் போகும். கண் போனால் வேலையும் போகும். அதனால் தலை அசையவே கூடாது. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து, ஆறவிட்டு, அவருக்கென்றே ஒரு முகமூடி செய்தோம்.

அதை மேசையோடு பூட்டி அளவு பார்த்தோம். பூட்டு சரியாக விழுந்ததா என்று நான் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். கழற்றியதும் கண்ணைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"முடி கொட்டிடுமா தம்பி?"

திங்கட்கிழமை

கொட்டும் என்று உண்மையைச் சொன்னேன். சிகிச்சையின் முதல் வாரம் ஒழுங்காகப் போனது. திங்கட்கிழமை சுமதி என்னைக் கூப்பிட்ட குரலில் பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் வழக்கமான 'லா' இல்லை. கதிர் பாய்ச்சும் முன் எடுக்கும் படத்தில் தலை மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது. சரிசெய்து மறுபடி எடுத்தால், இப்போது அந்தப் பக்கம் விலகல். முகமூடிக்குள் தலை ஆடுகிறது.

என் கணக்கு தப்பா? போன வாரம் முழுக்க நரம்பிலேயே பாய்ச்சிவிட்டோமா? பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சிகிச்சையை நிறுத்தச் சொல்லி, உள்ளே ஓடி, முகமூடியைக் கழற்றினேன். சந்தனம் பூசிய பளபள மொட்டை. சுருட்டை முடியோடு அளவெடுத்த முகமூடி, பிறகு எப்படிப் பிடிக்கும்? எங்கள் பிரிவில் மொட்டைத் தலை தினமும் பார்ப்பதுதான். படுக்கவைத்த சுமதிக்கும் உறைக்கவில்லை.

ஏன் அண்ணே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கொட்டும்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க. கீழ கொட்டி வீணாப் போறதுக்கு, கண்ணக் காப்பாத்துன்னு நேத்து தேக்கா கோயில்ல அம்மனுக்குக் குடுத்துட்டேன்."

புது முகமூடி செய்தோம், கண்ணும் தப்பித்தது. அன்றிலிருந்து இயந்திரத்தை மூன்று முறை அளப்பதோடு, வருகிறவரிடம் வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவைக்கிறேன்.