அரம் வழுக்குகிற கத்தி

தாண்டிக்குடி ஜெயமுருகனைக் கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் வைத்து நான் மூன்று முறை ஏசியிருக்கிறேன். முதல் முறை மெதுவாக. இரண்டாம் முறை பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி. மூன்றாம் முறை, பூண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி. என் தொண்டை அப்படி. செண்பகனூரில் நான் என் தங்கச்சியைக் கூப்பிட்டால் டவுன் பஸ் நின்றுவிடும் என்று கேலி செய்வார்கள்.

என் பெயர் மணிமேகலை. வீட்டிலேயே சாக்லேட் செய்து ஏரிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். தட்டுத் தட்டாக ஊற்றி, இறுகியதும் துண்டு போட வேண்டும். கத்தி மழுங்கினால் ஓரம் பிய்ந்துபோகும். பிய்ந்ததைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள், நானும் தங்கச்சி கண்மணியும்தான் தின்று தீர்க்க வேண்டும். அந்த வருடம் கண்மணிக்கு ஒரு ரவிக்கையும் பத்தவில்லை.

ஜெயமுருகனைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய அப்பா தாண்டிக்குடி மலையில் ஜீப் ஓட்டியவர். அந்த ரோட்டுப் பள்ளத்தில் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை அடிக்கடி முறியும். முறிந்ததெல்லாம் வீட்டு வாசலில் குவிந்து கிடந்தது. மகன் ஐ.டி.ஐ. முடித்து வந்ததும், அதைக் காய்ச்சிக் கத்தி அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுச் சந்தையில் விரித்த ஒரு சாக்குதான் கடை, போர்டு கிடையாது. "ஒரு வருசத்துக்குள்ள கெட்டுப்போனா கொண்டாங்க, வேற தாறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பார். அந்தச் சொல்லை நம்பித்தான் பண்ணைக்காட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வாங்கினார்கள்.

எனக்கு இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது கத்தியும் ஒரே மாதத்தில் மழுங்கியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஜீப்பு பட்டைன்னு சொல்லி எண்ணெய் டின்ன வெட்டி விக்கிறீங்களா? மூணு கத்தி. மூணும் ஒரு மாசம் தாங்கல" என்று சந்தை நடுவில் நின்று கேட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. சாக்குக்கு அடியிலிருந்து ஓர் அரத்தை எடுத்தார். விற்பதற்கு வைத்திருந்த புதுக் கத்தி ஒன்றில் அதை இழுத்தார். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு என் கத்தியில் இழுத்தார். கர்ரென்று கடித்தது, இரும்புப் பொடி உதிர்ந்தது.

"இரும்பு கெட்டியா இருந்தா அரம் வழுக்கும். என் கைய விட்டுப் போகையில இதுலயும் வழுக்கத்தாங்க செஞ்சுச்சு. உங்க வீட்டுக்குப் போய்தான் என்னமோ ஆகுது. இதை வச்சு என்ன சோலி செய்யிறீங்க?"

"சாக்லேட்டு வெட்டுறேன். பின்ன, பாறையவா வெட்டுறேன்?"

கூட்டம் சிரித்தது. அதுதான் வினையாகப் போயிற்று. வாழைத்தார் விற்க வந்திருந்த பண்ணைக்காடு சின்னத்தாயி, இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவி, "என்னுதும் மழுங்கிக் கெடக்குப்பா, வேற குடு" என்று நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அன்று அவரிடம் ஒருவரும் கத்தி வாங்கவில்லை. கடையைக் கட்டும்போது, "அடுத்த ஞாயிறுக்குள்ள காரணம் தெரியலைன்னா இனி இங்க கடை போட மாட்டேன். கெட்ட கத்தி வித்தவன்னு பேரெடுத்துட்டு எந்த மூஞ்சியோட உக்கார்றது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சாக்கைப் பார்த்துச் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன். மனசு மட்டும் ஒரு நிலையில் இல்லை.

புதன்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் புதுக் கத்தி ஒன்று.

"வழக்கமா எப்படி வெட்டுவீங்களோ அப்படி வெட்டுங்க. நான் பாக்கிறேன்."

எனக்கென்ன பயம்? தட்டையும் என் பழைய கத்தியையும் எடுத்து வைத்தேன். எங்கள் ஊர்க் குளிரில் சாக்லேட் கல்லாக இறுகிக் கிடக்கும். சும்மா வெட்டினால் சிதறும். அதனால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, கத்தியின் வாயைத் தீயில் காட்டினேன். ஓரம் செக்கச்செவேலென்று ஆனதும் எடுத்து, சிவப்பு அடங்கிச் சூடும் கொஞ்சம் தணிந்ததும் துணியால் துடைத்து அழுத்தினேன். அலுங்காமல் இறங்கியது. நானே கண்டுபிடித்த வழி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திரும்பிப் பார்த்தால் மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார். சத்தமே வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறார். கண்மணி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

"என் வீட்டுக்கே வந்து என்னையப் பாத்துச் சிரிக்கிறீங்களா?" என்றேன்.

"தெனமும் கத்தியக் கொன்னது நீங்க. சந்தையில கொலைகாரன்னு பேரு வாங்கினது நானு. சிரிக்காம என்னங்க செய்ய?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். பட்டையை நன்றாகச் சிவக்கக் காய்ச்சினால் ஒரு கட்டத்தில் காந்தம்கூட அதில் ஒட்டாதாம். அப்போது எஃகுக்குள் இருக்கும் கரி முழுவதும் இரும்போடு கரைந்திருக்கும். சடக்கென்று எண்ணெயில் முக்கினால் அந்தக் கரிக்கு வெளியே வர நேரம் இருக்காது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

"படிக்கையில ஒருதடவ மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. உள்ள ஊசி ஊசியா, நெருக்கமா நிக்கும். அம்புட்டு கடினம். கீழ போட்டா ரெண்டா ஒடஞ்சுபோகும். அதுக்காகத்தான் மறுபடி லேசாக் காய்ச்சி, வைக்கோல் நெறம் வந்ததும் நிறுத்துவேன். நீங்க அதுக்கு மேல நீலம், அதையும் தாண்டிச் செவப்புன்னு இழுத்துட்டீங்க. பூட்டி வச்ச கரியெல்லாம் வெளிய வந்து தனித்தனியா ஒதுங்கிருச்சு. இரும்பு அதே இரும்புதாங்க. உள்ள அடுக்குதான் மாறிப்போச்சு."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முந்தின நாள் வீணாய்ப்போன தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். அவசரத்தில் அப்படியே ஊற்றி ஆறவிட்டது அது. மேலெல்லாம் வெளுத்து, தொட்டால் பொடிந்தது. கடப்பைக் கல்லில் புரட்டிப் புரட்டிப் பக்குவமாக ஆறவைத்த துண்டு ஒன்றையும் எடுத்தேன். அது பளபளப்பாக இருந்தது. உடைத்தால் டக்கென்று முறிந்தது.

"ரெண்டும் ஒரே கட்டியில உருக்கினது. ஆறவச்ச விதந்தான் வேற" என்று அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டையும் தின்றார். மறுபடி கேட்டு வாங்கித் தின்றார். "பத்து வருசமா இதை ஒருத்தருக்கும் என்னால புரிய வைக்க முடியலைங்க" என்றார். மீசையில் சாக்லேட் ஒட்டியிருந்தது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்த நிமிடமே, அந்த மீசையோடு, ரொம்பவும் பிடித்துவிட்டது.

"இனி வெந்நீர்ல முக்கித் தொடச்சு வெட்டுங்க. வெந்நீர்ச் சூடு கத்திய ஒண்ணும் செய்யாது" என்று புதுக் கத்தியைக் கொடுத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்றவர் முகம் மாறியது. "ஆனா சந்தையில நான் சொன்னா எடுபடாதுங்க. வித்தவன் சாக்குச் சொல்றாம்பாங்க."

அவர் போனதும் கண்மணி, "ஏக்கா, உன்னையும் கொஞ்சம் வைக்கோல் நெறத்துக்குக் காய்ச்சச் சொல்லுவோமா?" என்றாள். கரண்டியை எடுத்து எறிந்தேன்.

என் வாயால் நான் அதுவரை யாரிடமும் தப்பு என்று சொன்னதில்லை. நான்கு நாளும் துண்டு போட்டுக்கொண்டே அதைச் சொல்லிப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை, ஏசிய அதே இடத்தில், அதே தொண்டையில் ஆரம்பித்தேன்.

"எல்லாரும் கேளுங்க. போன வாரம் இவரை ஏசினவ நாந்தான். இவரு குடுத்த கத்தியத் தெனமும் கேஸ் அடுப்புல வாட்டி நாந்தான் கெடுத்தேன். கத்தி நல்ல கத்தி. தப்பு என்னுது."

காது எரிந்தது எனக்கு. அப்போது சின்னத்தாயி, வாழைத்தாருக்குப் பின்னாலிருந்து, "பலாப்பிசின் போகலைன்னு நானும் அடுப்புலதான் காட்டினேன்" என்றாள். "எங்க வீட்டுல அடுப்புக் கங்கே அதை வச்சுத்தான் கிண்டுறாக" என்றார் ஒரு பூண்டு வியாபாரி. சந்தை முழுக்க ஒரே சிரிப்பு. மதியத்துக்குள் ஜெயமுருகனின் சாக்கு காலியாகிவிட்டது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வெந்நீரில் முக்கி வெட்ட ஆரம்பித்ததும் என் கத்தி மழுங்கவே இல்லை. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, தொட்டால் வெட்டுகிறது. பாழாய்ப்போன கத்தி. எதைச் சொல்லிக்கொண்டு அவர் கடைக்குப் போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"மழுங்கிருச்சு."

பக்கத்தில் சின்னத்தாயி நின்றிருந்தாள். அவர் அரத்தை எடுத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தார், மறுபடியும் வழுக்கியது. சின்னத்தாயி அரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஜெயமுருகன் அரத்தைக் கீழே வைத்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, அதுவரை சந்தையில் குரலை உயர்த்தியே அறியாத மனிதர், நாலு கடைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"ஆமாங்க, மழுங்கித்தான் கெடக்கு. நான் அடிச்ச கத்தி சரியில்ல. அடுத்த ஞாயித்துக்கெழமையும் கொண்டாங்க."