அத்தைக்கு நான் வாசித்துச் சொன்ன கடிதம்

என் அத்தை மகனும் நானும் மூன்று மாத வித்தியாசத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு திருநெல்வேலிக் கல்லூரியில் ஒரே இண்டர்மீடியட் வகுப்பு. பரீட்சையில் அவனைவிட எனக்குக் கணக்கில் ஏழு மார்க்கு அதிகம், இங்கிலீஷில் நாலு. யாரும் கேட்காமலே இதை இன்றும் சொல்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் கல்லூரியில் அதற்குமேல் படிப்பு கிடையாது. ஆனர்ஸ் படிக்க வேண்டுமென்றால் மதராஸுக்குத்தான் போகவேண்டும். ஒரே பாடத்தை மூன்று வருஷம் ஆழமாகப் படிப்பது. இடம் கிடைப்பது அருமை. கல்லூரித் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் எழுதித் தரும் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம். கணிதத்துக்கு ஒருவனைத்தான் சிபாரிசு செய்வேன் என்று சொல்லிவிட்டு, என் அத்தை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். நான் போய்க் கேட்டேன்.

"உன் மார்க்குகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவன் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நின்று பேசுவான்" என்றார்.

அது உண்மை. அதனால்தான் இன்னும் அதிகமாகச் சுட்டது. வேறு ஊருக்குப் போய்ச் சாதாரண பி.ஏ. படி என்றார் அப்பா. ஆனர்ஸ் இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்று வீம்பு பிடித்தேன். கடைசியில் டவுணிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரானேன்.

அவன் வாராவாரம் கடிதம் போடுவான். விடுதிச் சாப்பாடு, கடற்கரை, புரியாத ஒரு தேற்றத்தோடு மல்லுக்கட்டியது, எல்லாம் எழுதுவான். ஒரு வரியில்கூடப் பெருமை இருக்காது. பெருமையடித்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

அவனுடைய இரண்டாம் வருஷத்தில், ஐரோப்பாவில் யுத்தம் முற்றியிருந்த சமயம், மாணவர்களைச் சேர்த்துச் சர்வகலாசாலையிலேயே ஒரு படைப் பிரிவு அமைத்தார்கள். தினமும் காலையில் கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி. தசரா விடுமுறைக்கு அவன் காக்கிச் சட்டையும் பூட்ஸுமாக, முழங்கால்வரை துணிப்பட்டி சுற்றிக்கொண்டு வந்து இறங்கினான். நான்தான் அழைத்துவரப் போயிருந்தேன். ரத வீதியில் நாங்கள் நடந்து வந்தபோது ஜவுளிக்கடை அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏயப்பா, நம்ம மேலரத வீதிப் பிள்ளையா இது! தொரை மாதிரில்லா வாராரு!" என்றார். பிறகு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். "நீரு இப்பம் எங்க வே வேலை பாக்கீரு?"

முந்தின வாரம்தான் அவர் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து வேட்டி எடுத்திருந்தேன்.

வீட்டில் அத்தை முன்னால் அவன் கவாத்து செய்து காட்டினான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீயும் ஒரு தடவை போட்டுப் பாருலே" என்று தொப்பியை என் தலையில் வைத்தான். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு அது மிகவும் பொருத்தமாக இருந்தது. உடனே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

மார்கழியில் மதராஸிலிருந்து அத்தைக்கு ஒரு நீளமான உறை வந்தது. மாமா காலராவில் போய் வெகுநாளாகிவிட்டதால் அவனுக்கு அத்தைதான் எல்லாம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அதிகாரிப் பயிற்சிக்கு அவன் பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், தாயாரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமென்றும் எழுதியிருந்தது. தேவைப்பட்டால் கடல் கடந்தும் அனுப்பப்படலாம் என்று கீழே ஒரு வரி.

இரண்டு தடவை மனசுக்குள் படித்தேன். நம்மவர்களில் அதிகாரியாவது என்பது அப்போது யாரும் கேள்விப்படாத காரியம்.

"என்னய்யா எழுதியிருக்கு?" என்றாள் அத்தை.

"அவனைப் பட்டாளத்து அதிகாரியா ஆக்கப் போறாவளாம் அத்தை. வடக்க ஒரு ஊர்ல வச்சுச் சொல்லிக் குடுப்பாவளாம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். அது முடிஞ்சதும் கப்பல்ல ஏத்திச் சண்டைக்கு அனுப்பிருவாவ."

அத்தையின் முகம் வெளுத்தது. "கட்டாயமாவா?"

அப்போதுகூடத் திருத்தியிருக்கலாம். "கட்டாயம்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

அவள் அழவில்லை. "சம்மதமில்லன்னு நீயே எழுதிரு. அவன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அழகான இங்கிலீஷில் எழுதினேன். கீழே அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். நெஞ்சு படபடத்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் நல்ல பசி. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

கோடை விடுமுறைக்கு அவன் வந்தான். குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனோம். ஆற்றில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. துண்டைப் பாறைமேல் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கடுதாசிய நீதானே வாசிச்சுச் சொன்ன?"

"ஆமா."

"கட்டாயம்னு அதுல எங்கனலே இருந்துது? என்கிட்டயும் ஒரு நகல் இருக்கு."

தப்பிக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. "எனக்கு அப்படித்தான் விளங்கிச்சுலே. சர்க்கார் இங்கிலீஷ்லா? சரியாப் பிடிபடல."

என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு அவன் முகம் இளகியது. "சரி, விடு. நமக்கு அதெல்லாம் இங்கன யாரு சொல்லிக் குடுத்தா? மெட்ராசுக்குப் போன பொறவுதான் எனக்கே பிடிபட்டுது" என்று என் ஈரத் தோளில் கையை வைத்தான்.

இங்கிலீஷில் அவனைவிட நாலு மார்க்கு அதிகம் வாங்கியவன் நான். அதைச் சொன்னால் பொய்யன் என்று ஆகிவிடும். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே அவன் மதராஸிலிருந்து தடிமனான ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் அனுப்பினான், பள்ளிக்கூட விலாசத்துக்கு. சக வாத்தியார்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த ஐப்பசியில் யுத்தம் முடிந்தது. அவனுக்குப் பதிலாகப் பயிற்சிக்குப் போனவன் கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், தோளில் நட்சத்திரத்தோடு திரும்பினான். பத்திரிகையில் வந்திருந்த அவனுடைய படத்தை என் அத்தை மகன் காட்டினான். "என் பக்கத்து ரூம்காரன்" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தான். அவனுக்கும் கைநழுவிப் போனது ஒன்று உண்டு என்று அந்தக் கணத்தில் என் மனசு குளிர்ந்தது. வெட்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அவன் ஆனர்ஸில் முதல் வகுப்பில் தேறி, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் ஆசிரியரானான். "எம் மருமகன் மட்டும் வாசிச்சுச் சொல்லலன்னா எம்புள்ளையக் கப்பல்ல ஏத்தியிருப்பாவ" என்று அத்தை சாகும்வரை எல்லோரிடமும் சொன்னாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நான் தெரிந்தே மாற்றிச் சொன்னது அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்து நாலைந்து தடவை அவன் ஊருக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவனிடம் ஏதாவது ஒரு நல்ல செய்தி இருக்கும்: பதவி உயர்வு, புது வீடு, பையனுக்குப் பரிசு. அதைக் கேட்டு, சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிடுவேன்.