மூன்று வீட்டுச் சம்மதம்

ஒரு பணக்காரக் குடும்பத்து அறக்கட்டளையில் வேலை செய்த அவளை எல்லாரும் தபாலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கொண்டு போனது கடிதம் இல்லை, வாய்ச்சொல்.

செத்துப்போன பெரிய முதலாளி தன் சொத்தில் பெரும்பங்கை தர்ம நிதியாகப் போட்டுவிட்டார். அதிலிருந்து வீட்டுக்கென்று யாரும் ஒரு காசு எடுக்க முடியாது, தர்மத்துக்கு மட்டும்தான். ஆனால் எப்போது கொடுக்க வேண்டும் என்று கெடு வைக்காமல் போய்விட்டார், புண்ணியவான். வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு தடவை கொடுக்கும்போதும் இரண்டு மகன்களும் மகளும் வாயால் சரி சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. ஆபீஸ் ஆள் நேரில் போய்க் கேட்டு வரவேண்டும். பிள்ளைகள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். அவர் போன கையோடு மூவரும் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

படுக்கையாகக் கிடப்பவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லம் இந்த நிதியை நம்பித்தான் ஓடியது. இந்தத் தடவை கைக்கு வராவிட்டால் மாதக் கடைசியில் பூட்டிவிடுவார்கள். தபாலக்காவின் கூடப்பிறந்த அக்கா அங்கேதான் கிடந்தாள். பூட்டினால் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். அவளைப் புரட்டிப்போட ஆள் வேண்டும், வேலையை விட வேண்டும், சோற்றுக்கு எங்கே போவது? இதை ஆபீஸில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொந்தக்காரிக்காகத்தான் அலைகிறாள் என்று பேர் வந்து, வேலையும் போய்விடுமே.

எப்போதும் மகள் வீட்டுக்குத்தான் முதலில் போவாள். அந்தம்மா இளகின மனசுக்காரி, உடனே சரி என்பார். தங்கை சரி சொன்னது தெரிந்ததும் அண்ணன்மார் இரண்டு பேரும் வேண்டாம் என்பார்கள். மறுபடி மகள் வீடு, மறுபடி நடை. மழைக்காலத்தில் தொடங்கியது, வெயிலும் வந்துவிட்டது. முழங்கால் வீங்கிப்போய், அன்றைக்கு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கமாக இருக்கிறதே என்று மூத்த மகன் பெரியவர் வீட்டுக்கு முதலில் போய்விட்டாள்.

"யார் கேட்கச் சொன்னது? என் தங்கச்சியா? வேண்டாம்னு சொல்லு" என்றார் பெரியவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

அப்படியே சின்னவரிடம் போய், "பெரியய்யா வேண்டாம்னுட்டார்" என்றாள். நடந்ததைத்தான் சொன்னாள்.

"அவரு யாரு வேண்டாங்கிறதுக்கு? அப்பா சொத்தை இவரு பேருக்கு எழுதி வச்சுட்டா போனாரு? நான் சரின்னு சொன்னேன்னு போய்ச் சொல்லு தபாலு. நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு!"

கடவுளே, ஒருத்தர் வேண்டாம் என்றால் மற்றவர் சரி என்பார், இது இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மகள் எப்போதும் போல சரி என்றார். மிச்சம் பெரியவர் ஒருத்தர்தான். தம்பி சரி சொன்னது தெரிந்தால் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். பொய் சொல்லவும் அவளுக்கு நாக்கு வராது.

சாயங்காலம் மறுபடி பெரியவர் வீட்டுக் கூடத்தில் போய் நின்றாள். "என்னம்மா திரும்பவும்?" என்றார். சொல்ல வாயெடுத்தவள், கால் தாங்காமல் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

பெரியவர் பேப்பரைக் கீழே வைத்தார். "உடம்புக்கு என்ன?"

"முடியலைங்கய்யா. நடந்து நடந்து முடியலை."

"யாருக்காக இப்படி நடக்கிற? அந்த இல்லத்துல உனக்கு யாராச்சும் இருக்காங்களா?"

வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. "என் அக்கா இருக்காய்யா."

அவர் அவளுடைய வீங்கின காலைப் பார்த்தார். "முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே? சரி, குடுக்கச் சொல்லு." அவள் எழுந்து வாசலுக்குப் போனதும் பின்னாலிருந்து, "ஏம்மா, நான் ஒத்துக்கிட்டேன்னு சின்னவன் காதுக்குப் போகவேண்டாம்" என்றார்.

அங்கே கிடக்கிற மற்றவர்களும் யாருக்காவது அக்கா தங்கச்சிதானே என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இல்லத்து நர்ஸுக்குப் போன் போட்டாள்.

நர்ஸ் அழுதாள், சாமிக்கு நன்றி சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அக்கா, அடுத்த வருஷத்துக்கு எப்போலேருந்து கேட்க ஆரம்பிக்கணும்?" என்றாள்.

"நாளைக்கே" என்று சொல்லிவிட்டு, தபாலக்கா குனிந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள்.