கூரையில் யாரும் பெயர் போடுவதில்லை

அப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. மேலூருக்கு அப்பால் ஒரு பழைய சத்திரத்துக்கு அவர் கிரானைட் தரை போட்டுக் கொடுத்திருந்தார். அங்கிருக்கும் அவருடைய பெயர்க்கல்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார் அம்மா. போன புரட்டாசியில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 7.10க்குப் பேருந்து. மேலூருக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். "அந்தச் சத்திரத்துலயா? அங்க என்னண்ணே இருக்கு பாக்க?" என்றார் ஓட்டுநர். எனக்குச் சுருக்கென்றது.

போய்ப் பார்த்தபோது அவர் கேட்டதில் தப்பில்லை என்று தெரிந்தது. எவர்சில்வர் கதவு, மின்விசிறி, குழல்விளக்கு, எல்லாவற்றிலும் 'உபயம்' என்று யாராவது ஒருவரின் பெயர். விளக்கில் எழுதிய பெயர் பாதி வெளிச்சத்தை விழுங்கியிருந்தது. நிமிர்ந்தால் வானம். பின்பாதிக் கூரை சரிந்து, அப்பாவின் தரைமேல் செங்கலும் சுண்ணாம்புமாகக் குவிந்து கிடந்தது.

ஊர்க் கமிட்டிச் செயலாளர் ராக்கப்பன் வந்தார். யார் மகன் என்று சொன்னேன். அரசாங்கத்திடம் கேட்கவில்லையா என்றேன்.

"மனுக் குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சுபோச்சுண்ணே. ஊருல கூரைக்குக் கேட்டா ஒருத்தரும் தர மாட்டாக. அங்க பேரு போட்டா காக்காதான் படிக்கும்."

சிரித்துவிட்டேன். மிச்சக் கூரைக்காவது நான் தருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முன்தூணைக் காட்டினார். அப்பாவின் பெயர்க்கல்லை மாட்ட நான்கு இடத்தில் துளை போட்டிருக்கிறார்கள். அந்தத் துளைகளில் தொடங்கிய விரிசல் உச்சிவரை ஓடியிருந்தது.

"இனி இந்தத் தூணு எதையும் தாங்காதுண்ணே. இஞ்சினியர் பாத்துட்டாரு. வர்ற புதன்கிழமை மொத்தத்தையும் இடிக்கிறாக. பேர்க்கல்லை அம்புட்டையும் கழட்டி, பணம் கொடுத்தவுககிட்டயே சேத்துட்டு வாரேன். ஒங்க கல்லுதான் பாக்கி."

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒங்க அப்பாகிட்டயும் மொதல்ல கூரைக்குத்தான் கேட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாமேல் கோபமும் வந்தது. திருப்பிக் கேட்க அவர் இல்லை.

இனி அங்கே போக வழி கேட்காதீர்கள், பார்க்க எதுவும் இருக்காது. வேறு எந்தப் பழைய கட்டடத்துக்காவது பணம் கொடுக்க நினைத்தால், முதலில் மாடிக்கு ஏறிப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் இடத்துக்குக் கொடுங்கள். பெயரைக் கேட்டால் சொல்லாதீர்கள்.

கல்லைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார் ராக்கப்பன். வீட்டில் பிரித்தபோது, தூணின் பூவேலையில் ஒரு சில்லு அதன் பின்புறம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.